கீழ் அடுக்கு எலிகள்

அற்புதமேரி குட்டையானவள். விலங்குக் கூடத்தில் எலிக் கூண்டுகளை இரும்புச் சட்டத்தில் இரண்டு அடுக்காக வைத்திருந்தார்கள். கீழ் அடுக்கு அவள் நெஞ்சுக்கு நேராக வரும். மேல் அடுக்குக்கு ஸ்டூல் போட்டு ஏறவேண்டும். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. ஏறி நின்றால் தரையில் இடித்து இடித்துச் சத்தம் போடும். அடுத்த அறையில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

மதுரையிலிருந்து நாகமலை புதுக்கோட்டை பஸ்ஸில் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னாலேயே இறங்கி, கருவேல மரங்களுக்கு நடுவே உள்ளே நடந்தால் அந்த ஆராய்ச்சிக் கூடம் வரும். டாக்டர் யேசுதாஸ் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் கட்டியது. அங்கே மருந்து செய்வார்கள். செய்த மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அற்புதமேரி எலிகளுக்குத் தீனி வைப்பாள், கூண்டில் பரப்பிய உமியை மாற்றுவாள், செத்ததை எடுத்துப்போய் வேலிக்குப் பின்னால் புதைப்பாள். புருஷன் இறந்து, பிள்ளையும் இல்லாமல், காளவாசலில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அவளிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. அவளும் பேசிப் பழகாதவள்.

கூடத்தில் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டது காசிமாயன் ஒருவன்தான். செக்கானூரணிக்குப் பக்கத்துக் கிராமம். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். எண்பத்து மூன்றாம் வருடம், மழை பொய்த்து ஊரெல்லாம் கிணறு வற்றிக் கிடந்தபோது, அவன் அங்கே சிறுநீரக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அது தேறினால் அவனுக்கு டாக்டர் பட்டம்.

வேலையை ஒருநாள் அவளுக்கு விளக்கிச் சொன்னான். எலியின் தொடையில் பிசுபிசுப்பான ஒரு திரவத்தை ஊசியால் ஏற்றினால் அதன் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகும். ரத்தத்தில் கழிவு சேர்ந்து எலி சுருண்டு படுத்துவிடும். மனிதனுக்கும் அப்படி ஆவதுண்டு. காலராவில் ஆகும், பாம்புக் கடியில் ஆகும். பாதி எலிகளுக்கு ஏழாம் நம்பர் மருந்தைக் கொடுப்பான், பாதிக்குக் கொடுக்கமாட்டான். எது பிழைக்கிறது என்று பார்க்கவேண்டும். மருந்து கொடுக்கிறவற்றை அடிக்கடி வெளியே எடுக்கவேண்டியிருப்பதால் அவற்றைக் கீழ் அடுக்கில் வைத்தான். அவற்றின் தலையில் மஞ்சள் சாயம் தொட்டிருக்கும்.

ஊசி போடுவதற்கு முந்தின நாள் எல்லாக் கூண்டிலிருந்தும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவிடுவான்.

"தொண்டை காஞ்சு கெடக்கணும்க்கா. அப்பத்தான் நோவு பிடிக்கும்" என்றான்.

அவள் தலையாட்டினாள். பாட்டில் இருந்த துளையில் எலிகள் மூக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பதை அன்று மாலை வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

அது தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் கோயிலில் ஆளுக்கொரு ஒறுத்தல் எடுப்பார்கள். சிலர் கறியை விடுவார்கள், சிலர் சினிமாவை. அற்புதமேரியிடம் விடுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. ஆகையால் தாகமாக இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். கை எட்டுகிற உயிருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது என்பது அவளே வைத்துக்கொண்ட நேர்த்தி. வருடாவருடம் காளவாசல் பஸ் நிறுத்தத்தில் பானை வைத்துப் போகிற வருகிறவர்களுக்கு ஊற்றுவாள். அந்த வருடம் பானை வைத்த இடத்தில் சைக்கிள் கடை வந்துவிட்டது. அவளுக்கும் விடிந்ததும் வேலைக்கு ஓடவேண்டியிருந்தது. நேர்த்தி பாக்கியாக நின்றது.

மறுநாள் வரும்போது முந்தானையில் ஒரு பாலாடையை முடிந்துகொண்டு வந்தாள். குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற சின்னப் பித்தளைப் பாலாடை. அவளுக்குப் பிறந்து தங்காமல் போன பிள்ளைக்கு வாங்கியது. அதில் கருப்பட்டி கரைத்த தண்ணீரை ஊற்றி, பாலாடையின் மூக்கை மட்டும் கம்பிக்குள் நீட்டினாள். முதல் எலி பின்வாங்கியது. பிறகு வந்து இரண்டு கையாலும் பாலாடையைப் பிடித்துக்கொண்டு குடித்தது. அடுத்த கூண்டு, அதற்கடுத்த கூண்டு என்று கீழ் அடுக்கு முழுவதற்கும் கொடுத்தாள். மேல் அடுக்கை அண்ணாந்து பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். அடுத்த அறையில் காசிமாயன் இருமுவது கேட்டது. எட்டினதுக்குக் கொடுத்தாயிற்று என்று பாலாடையைக் கழுவி முடிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் கொடுத்தாள். பாட்டில் இருக்கிற நாளிலும் ஒரு வாய் கொடுப்பாள்; பாட்டில் இல்லாத நாளில் வயிறு நிறையக் கொடுப்பாள். முந்தானை முடிச்சில் அவள் கை போகும்போதே கீழ் அடுக்கு எலிகள் கம்பியோரம் வந்து நின்றன.

ஏழாம் நம்பர் நன்றாக வேலை செய்தது. ஒவ்வொரு தடவையும் மேல் அடுக்கு எலிகள் மயிர் சிலிர்த்துச் சுருண்டு செத்தன; கீழ் அடுக்கில் பெரும்பாலும் பிழைத்தன. பிழைத்தவற்றையும் சில நாளில் காசிமாயன் கொன்று, சிறுநீரகத்தை எடுத்துச் சீவிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தான். அதுதான் வேலையின் முறை. பார்த்துவிட்டு வந்து, திசுவெல்லாம் முழுசாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான். வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் தங்கை முத்துத்தாய், எலிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரைத் தவிர வேறு டாக்டர் நம் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லையா என்று கேலி செய்தாளாம். அப்பா நல்லகாமன் மட்டும் கேலி செய்யவில்லை. செத்த சிறுநீரகத்தை மகன் பிழைக்கவைக்கிறான் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

டாக்டர் யேசுதாஸ் ஒருநாள் கணக்கையெல்லாம் புரட்டிப் பார்த்தார். அற்புதமேரி அப்போது அந்த அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம் அதிகமாக இருந்தது.

"தாகத்தோட இருந்தாத்தான்யா இது முழுசாப் பிடிக்கும். முந்தின நாள் தண்ணி குடிச்ச எலிக்குக் கிட்னி லேசுல கெடாது. பாட்டில எடுத்தது உறுதிதான?"

"என் கையால எடுத்தேன் சார்."

டாக்டர் திருப்தியாகி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அற்புதமேரி அதே இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லமுடியாது. எலிகள் பிழைத்தது மருந்தாலா, தன்னாலா என்கிற ஒரு கேள்வி மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அன்றே காசிமாயனிடம் சொல்லிவிடவேண்டும் என்று வாசலில் நின்றாள். அவன் காளவாசலில் வாங்கிய லட்டுப் பொட்டலத்தோடு வந்தான். ஏழாம் நம்பரைப் பற்றிப் பேச டாக்டர் மெட்ராஸுக்குப் போகிறார் என்று சொல்லி ஒரு லட்டை அவள் கையில் வைத்தான். அவ்வளவு சிரிப்பாக இருந்த முகத்தில் அதை எப்படிச் சொல்வது? தவக்காலத்தில் இனிப்புத் தின்னமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தாள். மறுநாளும் அப்படியே போயிற்று.

அடுத்த வாரம் முத்துத்தாயைப் பாம்பு கடித்தது. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் படப்புக்குள் கை விட்டிருக்கிறாள். கண்ணாடி விரியன். டிராக்டரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விஷமுறிவு ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆனால் அவளுக்குச் சிறுநீர் இறங்கவில்லை. முகம் வீங்கியது. வாந்தி நிற்கவில்லை. வயிற்றில் துளை போட்டுக் குழாய் சொருகி, நீரை விட்டு எடுத்து, கழிவைக் கழுவவேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். செய்தாலும் பிழைப்பாளா என்று கேட்டதற்கு, செய்யாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார்களாம்.

இதெல்லாம் அற்புதமேரிக்குக் காசிமாயன் சொல்லித்தான் தெரியும். சில நாளாக வராதவன், அன்று காலை அழுக்குச் சட்டையோடு வந்தான். பின்னாலேயே துண்டைத் தலையில் கட்டிய நெட்டையான கிழவர் வந்தார். நல்லகாமன் அவர்தான் என்று, மகனுடையதைப்போலவே இருந்த மூக்கைப் பார்த்ததுமே தெரிந்தது.

அவர் நின்றபடியே பேசினார். வழியெல்லாம் பேசியதன் மிச்சம் அது. வயிற்றைக் குத்தியதில் பக்கத்துக் கட்டில் பொம்பளை செத்துப்போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். கல்யாணம் ஆகாத பிள்ளையின் வயிற்றில் ஓட்டை போட விடமாட்டேன் என்றார். வெளியே வேன் நிற்கிறது, பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போய் மருந்தைக் கொடுப்போம் என்றார்.

"மனுசனுக்கு இன்னும் குடுத்துப் பாக்கலப்பா" என்றான் காசிமாயன். குரலில் பலம் இல்லை.

"எலிக்குக் குடுக்குறதத் தங்கச்சிக்குக் குடுக்க மாட்டியா? அவ ஒனக்கு எலியவிடக் கொறச்சலாப் போயிட்டாளா?"

காசிமாயன் அலமாரியைத் திறந்தான். அவனுக்கும் அந்த ஆசைதான் என்று அற்புதமேரிக்குத் தெரிந்தது. கை அவ்வளவு வேகமாகப் போயிற்று. பழுப்புப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எலியின் எடைக்கு இவ்வளவென்றால் தங்கையின் எடைக்கு எவ்வளவு என்று வாய்க்குள் கணக்குப் போட்டான்.

"தம்பி, அத எடுத்துட்டுப் போகாதீங்க" என்றாள் அற்புதமேரி.

இருவரும் திரும்பினார்கள். அவள் இதுவரை அந்தக் கூடத்தில் தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கீழ இருக்கிறதுகளுக்கு நான் தண்ணி குடுத்தேன்."

"எப்பக்கா?"

"நீங்க பாட்டில எடுத்த அன்னைக்கெல்லாம். வேண்டுதல் தம்பி."

அவன் பாட்டிலோடு அவள் பக்கம் வந்தான். "எல்லாத்துக்குமா குடுத்தீங்க?" என்று கேட்டான். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று கெஞ்சுவதுபோல இருந்தது.

"மேல எனக்கு எட்டாது."

அவன் நம்பவில்லை, அல்லது நம்ப விரும்பவில்லை. என்ன கொடுத்தீர்கள், எதில் கொடுத்தீர்கள் என்று கேட்டான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாலாடையை எடுத்தாள்.

கீழ் அடுக்கில் அத்தனை எலிகளும் எழுந்தன. உமி பறக்க ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் தலையை வெளியே நீட்டி, மூக்கைத் துடிக்கவைத்துக்கொண்டு நின்றன. மேல் அடுக்கில் ஊசி போட்டுச் சில நாள் ஆன எலிகள் மூலைக்கு ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. அங்கே ஒன்றும் அசையவில்லை.

காசிமாயனின் முகம் வெளுத்துப்போனது. நல்லகாமனுடைய முகமோ மலர்ந்துவிட்டது. துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கூண்டுக்குக் கிட்டே போனார்.

"பாத்தியாடா" என்றார். "மருந்து தின்ன எலி எம்புட்டு உசுரா ஓடியாருது, திங்காதது எப்படிக் கெடக்குது. இதப் பாத்துக்கிட்டா நீ யோசிச்ச?"

"இது மருந்துனால இல்லப்பா."

"பெறகு?"

"தண்ணினால."

நல்லகாமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சாகிற எலி தண்ணீரால் பிழைத்தது என்று படித்த மகன் சொல்கிறான். நோவு வந்தபிறகு கொடுத்த தண்ணீர் இல்லை, வருவதற்கு முன்னால் குடித்த தண்ணீர், அதனால் நோவே சரியாகப் பிடிக்கவில்லை என்று காசிமாயன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கிழவரின் கண் எலிகளைவிட்டு நகரவில்லை. கண்ணால் கண்டதை அவர் நம்பினார். அதற்கு மேல் யார் சொல்லியும் அவர் கேட்பதாக இல்லை. மருந்து கூடத்துச் சொத்து, எடுத்தால் மகனுக்கு வேலை போய்விடும், அதனால்தான் கதை சொல்கிறான் என்று அவர் முடிவுக்கு வந்தது முகத்திலேயே தெரிந்தது.

காசிமாயன் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் போடக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றான். நல்லகாமன் வேனில் ஏறவில்லை. மகனோடு ஒரே வண்டியில் உட்காரமாட்டேன் என்று ரோட்டுக்கு நடந்தார்.

மறுநாள் வேலை முடிந்து அற்புதமேரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் முத்துத்தாயைக் கண்டுபிடிக்க நேரமானது. வீங்கின முகத்தில் அண்ணனின் சாயல் அழிந்துபோயிருந்தது. வயிற்றில் குழாய் இருந்தது. நீர் பாட்டிலில் இருந்து இறங்கிக் கீழே இன்னொரு பாட்டிலில் சேர்ந்துகொண்டிருந்தது. நல்லகாமன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காசிமாயன் இந்தப் பக்கம். கட்டிலின் குறுக்கே அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

பெண்ணுக்கு நினைவு இருந்தது. அற்புதமேரி யாரென்று தெரியாமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, கொஞ்சூண்டு தண்ணி குடுங்க. எல்லாரும் இல்லங்கிறாக" என்றாள்.

உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை, நெஞ்சில் போய்ச் சேரும், அளந்து கொடுப்பதற்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். காசிமாயன் அதை மெல்லிய குரலில் மறுபடி சொன்னான். அற்புதமேரியின் முந்தானையில் பாலாடை இருந்தது. கை எட்டுகிற தூரத்தில் அந்த வாய் இருந்தது. அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டைத் தொட்டாள். முத்துத்தாய் அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டாள். அதை விடுவிக்கப் பாடுபடவேண்டியிருந்தது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "எலிக்குக் குடுத்தியே தாயி."

குழாய் கொஞ்சம் பலன் தந்தது. வீக்கம் வடிந்து, ஒருநாள் அவள் கஞ்சிகூடக் கேட்டாளாம். பிறகு குழாய் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. அந்த வாரம் முடியுமுன் இறந்துபோனாள்.

கருமாதி முடிந்து காசிமாயன் மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தான். மெட்ராஸிலிருந்து திரும்பிய டாக்டரிடம், கீழ் அடுக்கில் பாட்டிலை எடுக்கத் தான் மறந்துபோனதாகச் சொன்னான். அத்தனை தடவையுமா என்று டாக்டர் கத்தியது கருவேல மரம் வரைக்கும் கேட்டது. அற்புதமேரி கதவுக்கு வெளியே நின்று உள்ளே போகக் காலெடுத்தாள். அவன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அவன் வேலையெல்லாம் தள்ளுபடியாகிவிட்டது. மீதமிருந்த எலிகளைக் கொன்றுவிட்டுப் புது எலிகளோடு முதலில் இருந்து செய்யச் சொன்னார் டாக்டர்.

செய்தான். அற்புதமேரி பாலாடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். நேர்த்தியை விடமுடியாமல் கூடத்து வாசலில், மரத்தடியில், ஒரு பானை வைத்தாள். ஆடு மேய்க்கிறவர்கள் வந்து குடித்தார்கள். பாட்டில் எடுத்த நாளில் அவள் உள்ளே நிற்காமல் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கீழ் அடுக்கு எலிகள் மேல் அடுக்கு எலிகளைப்போலவே செத்தன. ஏழாம் நம்பரில் ஒன்றும் இல்லை. முத்துத்தாய்க்கு அதைக் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இது காசிமாயனுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது. தெரியவேண்டியவருக்குச் சொல்ல வழியில்லை. வீட்டில் அவர் மகன் இருக்கிற பக்கம் திரும்புவதில்லையாம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் ஒருநாள் உச்சி வெயிலில் நல்லகாமன் தானே வந்தார். ரோட்டிலிருந்து நடந்து வந்ததில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பானையையும் அற்புதமேரியையும் பார்க்காமல் உள்ளே போனார். கீழ் அடுக்குக்கு முன்னால் போய் நின்றார். கூண்டுகள் காலி.

"பொழச்ச எலியெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

காசிமாயன் எழுந்து நின்றான். புது எலிகளைப் பற்றி, எல்லாம் செத்ததைப் பற்றி, மருந்து மருந்தே இல்லை என்பதைப் பற்றித் தொடங்கினான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கு ஓடியாந்துச்சே, மஞ்சத் தல. அதுக எங்க?"

"கொன்னாச்சுப்பா. கொன்னு சிறுநீரகத்த எடுத்துப் பாப்போம். அதுதான் முறை."

நல்லகாமன் காலிக் கூண்டின் கம்பியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவற்றைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"பொழச்சதையும் கொன்னுட்டியா" என்றார்.

வெளியே வந்தார். வெயிலில் கண் கூசி, வாசலில் தடுமாறி நின்றார். உதடு வெடித்திருந்தது. அற்புதமேரி செம்பில் தண்ணீர் மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள். பின்னாலேயே வந்த காசிமாயன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். செக்கானூரணிப் பக்கத்தில் உறவு வேண்டாமென்று முடிவு செய்தவன் அந்த இடத்தில் தண்ணீர் குடிக்கமாட்டான். குடித்தால் பகை இல்லையென்று அர்த்தம். அது மகனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நல்லகாமன் செம்பைப் பார்த்தார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

பஸ் உடனே வரவில்லை. ரோட்டோரத்தில் நிழலில்லாத இடத்தில் அவர் நிற்பது கருவேல மரங்களுக்கு நடுவே தெரிந்தது. அற்புதமேரி செம்போடு கொஞ்சதூரம் போய்ப் பார்த்தாள். அவள் வருவதைக் கண்டதும் அவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அதற்கு மேல் அவள் போகவில்லை. செம்பில் இருந்த தண்ணீர் சூடாகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.